வேலூர் வெயிலில் கேமரா ரோபோ கிட்: பல மாதம் ஓட்டிய பிறகு

போனிலிருந்து வைஃபையில் ஓட்டும் சின்ன கேமரா வண்டி இது. கேமராவும் வைஃபையும் சேர்ந்த இஎஸ்பி32-கேம் போர்டு, மோட்டார்களுக்குக் கரண்ட் கொடுக்கும் எல்298என் மோட்டார் டிரைவர், கியர் வைத்த மஞ்சள் பிஓ மோட்டார் நான்கு, அக்ரிலிக் சேசிஸ் (அடித்தட்டு). இவ்வளவுதான் கிட். ஒரே மாலையில் பூட்டிவிடலாம். தொல்லை முழுக்க பவர் சப்ளையில்.

தொடராக இணைத்த இரண்டு 18650 செல் (ரீசார்ஜ் ஆகும் லித்தியம் பேட்டரி) முழுசாக ஏறினால் 8.4 வோல்ட். டிரைவர் போர்டிலுள்ள 5 வோல்ட் ரெகுலேட்டருக்கு உள்ளே சுமார் 7 வோல்ட்டாவது வர வேண்டும். செல் இறங்க இறங்க, அதிலும் நான்கு மோட்டாரும் ஒன்றாக இழுக்கும் நொடியில், ரெகுலேட்டரால் 5 வோல்ட்டை நிலையாகக் கொடுக்க முடியாது. கேமரா ரீசெட் ஆகும். படம் நின்றதும் வைஃபையைத் திட்டிக்கொண்டு புரோகிராம் கோடை மறுபடி மறுபடி ஏற்றுவதில் பயனில்லை. போர்டு அனுப்பும் செய்திகளைக் கம்ப்யூட்டரில் காட்டும் சீரியல் மானிட்டரில் 'பிரவுன்அவுட்' (வோல்டேஜ் இறங்கிவிட்டது) என்று வந்தால் குற்றவாளி கரண்ட்தான். வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் மினி-360 பக் கன்வெர்ட்டருக்குச் செல்லிலிருந்து தனியாக ஒயர் எடுத்து, மல்டிமீட்டரில் 5 வோல்ட் பார்த்த பிறகே கேமராவில் சொருகுங்கள். கேமரா போர்டின் 5 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் (மைனஸ்) நடுவே 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். ஒவ்வொரு மோட்டாரின் இரு முனைக்கும் குறுக்கே ஒரு 104 செராமிக் கெபாசிட்டர். எல்லா கிரவுண்டும் ஒன்று சேராவிட்டால் மோட்டார் தன்னிஷ்டத்துக்குச் சுற்றும்.

கோடு ஏற்றும்போது போர்டின் ஜிபிஐஓ 0 என்ற பின் ஒயரால் கிரவுண்டில் இணைந்திருக்க வேண்டும். ஏற்றியதும் அந்த ஒயரைப் பிடுங்கி ரீசெட் அழுத்துங்கள். ஜிபிஐஓ 12 பின்னில், போர்டு தொடங்கும் நேரத்தில் 3.3 வோல்ட் இருந்தால் போர்டு எழவே எழாது.

ரோபோவின் வைஃபையில் சேர்ந்ததும் போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். அந்த வைஃபையில் இணையம் இல்லை என்று போன் டேட்டாவுக்குத் தாவும், ரோபோவின் பக்கமான 192.168.4.1 பிரவுசரில் திறக்காது. படத்துக்கு 320×240 போதும். 1600×1200 வைத்தால் படம் தேங்கித் தேங்கி வரும். ரோபோ சுவரில் மோதிய பிறகுதான் சுவர் தெரியும். அரை நொடி கட்டளை வராவிட்டால் மோட்டார் நிற்கும்படி கோடில் ஒரு வரி கட்டாயம். அது இல்லாவிட்டால், சிக்னல் போன ரோபோ கடைசிக் கட்டளையையே பிடித்துக்கொண்டு மாடிப்படியில் இறங்கும்.

கத்திரி வெயிலில் இங்கே 40 டிகிரி தாண்டும். சத்துவாச்சாரி மொட்டை மாடியில் மதியம் ஓட்டினால் போர்டு கொதிக்கும், டபுள் சைடு டேப் கழன்றுவிடும். கேமராவை ஸ்க்ரூ போட்டே பொருத்துங்கள். கீழே கொண்டுவந்த செல்லைச் சூடு ஆறாமல் சார்ஜரில் போடாதீர்கள்.

வழவழ டைல்ஸில் சக்கரம் வழுக்கும்; பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி மாட்டினால் சரியாகும். பிளாஸ்டிக் கியர் தேயும் பொருள், கூடுதலாக இரண்டு மோட்டார் வாங்கி வையுங்கள். சென்னை போகிறவர்கள் இருந்தால் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள ரிச்சி தெருவில் வாங்கிவரச் சொல்லிவிடலாம்.