லண்டன் டிரெய்னிங் கான்ட்ராக்ட் உறுதி என்று 4,75,000 ரூபாய் வாங்கினார்கள்: சட்டம் படிக்கிற பிள்ளைகளும் பெற்றோரும் கவனிக்கவும்

2025 ஜனவரியில் நாகர்கோவில் வெட்டூர்ணிமடத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி அலுவலகத்தில் வைத்து என் கையில் ஒரு கடிதம் தந்தார்கள். கெட்டித் தாள். மேலே தங்க நிறத்தில் லண்டன் சட்ட நிறுவனம் ஒன்றின் பெயர், கீழே சிவப்பு அரக்கு முத்திரை. இன்டர்ன்ஷிப்பைச் சிறப்பாக முடித்ததால் சம்பளத்தோடு வழக்கறிஞர் பயிற்சி தருகிற இரண்டு வருட டிரெய்னிங் கான்ட்ராக்ட் எனக்கு உறுதியாகிவிட்டதாக அதில் இருந்தது. அப்பா கையை வேட்டியில் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் அந்தத் தாளைத் தொட்டார்.

அந்தக் கடிதம் போலி. அதற்காக நாங்கள் கொடுத்தது மூன்று தவணையாக 4,75,000 ரூபாய். வழக்கு நடப்பதால் அந்த அலுவலகத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் இதே பேச்சோடு வேறு பெயரில் வேறு ஆட்களும் வருவார்கள் என்பதால், நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

நான் கருங்கல் பக்கம். அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர், விடியற்காலை மூன்று மணிக்குத் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போவார். மழைக்காலத்தில் பாதி நாள் வெட்டு கிடையாது. திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியில் ஐந்து வருடம் படித்து, பார் கவுன்சிலில் பதிவு செய்து, அகில இந்திய பார் தேர்வும் எழுதி முடித்துவிட்டு, தக்கலையில் பத்மநாபபுரம் நீதிமன்றத்தில் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருக்கிறேன். மாதம் கையில் வருவது பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் சரியாக இருக்கும். சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்குக் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் சொன்னது. எங்கள் பக்கத்து நீதிமன்றங்களில் அந்தத் தொகையைப் பார்த்த ஜூனியர் யாரையும் நான் சந்தித்ததில்லை. என் சீனியரைக் குறை சொல்லவில்லை, அவருக்கே வருமானம் அவ்வளவுதான். படித்த பிள்ளைகள் ஏன் வெளியே பார்க்கிறோம் என்பதற்காகச் சொல்கிறேன். அந்த ஏக்கம் எங்கே இருக்கிறது என்று இந்த ஆட்களுக்கு நன்றாகத் தெரியும்.

2024 செப்டம்பரில் இன்ஸ்டாகிராமில் ஒரு விளம்பரம் வந்தது. இலவசக் கருத்தரங்கு, பெற்றோரையும் அழைத்து வரலாம் என்று போட்டிருந்தது. போனோம். கோட் போட்ட ஒருவர் ஒரு மணி நேரம் பேசினார். அவர் சொன்னதில் முக்கால் பங்கு உண்மை, அதனால்தான் நான் நம்பினேன். இங்கிலாந்து, வேல்ஸ் பகுதியில் சொலிசிட்டர் (அங்கே வழக்கறிஞர்களில் ஒரு வகை) ஆவதற்கு 2021 செப்டம்பரிலிருந்து எஸ்.கியூ.இ. என்று புதுத் தேர்வு முறை வந்திருக்கிறது என்றார். உண்மை. தேர்வோடு இரண்டு வருடத் தகுதிப் பணி அனுபவம் வேண்டும், அதை அதிகபட்சம் நான்கு இடங்களில் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். அதுவும் உண்மை. டிரெய்னிங் கான்ட்ராக்ட் என்பது அந்த இரண்டு வருடத்தையும் சம்பளத்தோடு ஒரே நிறுவனத்தில் முடிக்கிற வழி, அது கிடைப்பது குதிரைக்கொம்பு, இன்டர்ன்ஷிப் வழியாகப் போகிறவர்களுக்கே முன்னுரிமை என்றார். இதுவரை எல்லாம் சரி. கடைசியில் ஒரே ஒரு பொய்யைச் சேர்த்தார்: "எங்க கிட்ட பன்னிரண்டு வாரம் ஆன்லைன் இன்டர்ன்ஷிப் முடிச்சா டிரெய்னிங் கான்ட்ராக்டா மாத்திக் குடுக்கது எங்க பொறுப்பு."

அப்பா தயங்கினார். அந்த ஆள் அப்பாவிடம், "அண்ணாச்சி, பிள்ளைக்க வாழ்க்கை இது. இந்த பேட்ச்ல ரெண்டு சீட்டுதான் பாக்கி, யோசிச்சிட்டு இருந்தா போயிரும்" என்றார். பஸ்ஸில் வரும்போது அப்பா சொன்னது இவ்வளவுதான்: "மக்களே, நீ படிச்சவ. சரிண்ணு ஒனக்குத் தோணினா சரி."

எனக்குச் சரி என்று தோன்றியது. அதைத்தான் இன்றுவரை தாங்க முடியவில்லை.

முதலில் பதிவுக் கட்டணம் 60,000. இன்டர்ன்ஷிப் தொடங்கும்போது 1,90,000. கடிதம் வந்த பிறகு விசா ஃபைலுக்கும் ஸ்பான்சர்ஷிப் சான்றிதழுக்கும் என்று 2,25,000. அம்மாவின் ஐந்து பவுன் செயின் கூட்டுறவு வங்கிக்குப் போனது. சீட்டுப் பணம் தள்ளி எடுத்தோம். கடைசித் தவணையில் ஒரு பகுதியை ரொக்கமாகத்தான் வேண்டும் என்றார்கள், மீதியை ஒரு தனி ஆளின் கணக்குக்கு யுபிஐயில் போடச் சொன்னார்கள். அந்தக் கணக்கில் அலுவலகத்தின் பெயரும் இல்லை, கோட் போட்டவரின் பெயரும் இல்லை.

இன்டர்ன்ஷிப் என்று தந்தது என்ன தெரியுமா? வாரம் ஒரு ஒப்பந்தம் மெயிலில் வரும், அதைச் சுருக்கி எழுதி அனுப்ப வேண்டும். நான் ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து எழுதினேன். ஒன்றைக்கூட யாரும் திருத்தி அனுப்பவில்லை. "வெல் டன்" என்று மட்டும் பதில் வரும். ஆறாவது வாரம் வந்த வாடகை ஒப்பந்தத்தின் ஒரு வரியை இணையத்தில் போட்டுத் தேடினேன். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளக்கூடிய மாதிரிப் படிவம் அது, எழுத்துப் பிழைகூட மாறவில்லை. அன்றைக்கே நின்றிருக்க வேண்டும். அதற்குள் 2,50,000 ரூபாய் கட்டியிருந்தோம். இனி விட்டால் அதுவும் போய்விடுமே என்ற பயம்தான் மீதிப் பணத்தையும் கட்ட வைத்தது.

டிசம்பரில் லண்டன் பார்ட்னரோடு வீடியோ நேர்காணல். நம் நேரம் காலை 11 மணி. தம்பி பெருமையாக ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தான். போலீஸுக்குக் கொடுக்க அந்தப் படத்தைத் தேடி எடுத்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. அந்த ஆளுக்குப் பின்னால் ஜன்னல், அதில் பளீரென்று வெயில். டிசம்பரில் நமக்குக் காலை 11 என்றால் லண்டனில் விடியற்காலை ஐந்தரை, கும்மிருட்டு. அந்த வெயில் எந்த ஊர் வெயிலோ.

உண்மை தெரிந்தது ஒரு அக்காவால். கல்லூரியில் எனக்கு மூன்று வருடம் சீனியர், இப்போது மான்செஸ்டரில் வேலை செய்கிறார். கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். வாழ்த்துவார் என்று காத்திருந்தேன். உடனே போன் வந்தது. "ஏ பிள்ள, பணம் ஏதும் குடுத்தியா?" என்பதுதான் முதல் வார்த்தை.

அவர் என்னை எஸ்.ஆர்.ஏ. இணையதளத்துக்குப் போகச் சொன்னார். அங்கே சொலிசிட்டர்களையும் சட்ட நிறுவனங்களையும் ஒழுங்குபடுத்துகிற அமைப்பு அதுதான். பதிவேடு எல்லோருக்கும் திறந்திருக்கிறது, இலவசம். கடிதத்தில் அச்சிட்டிருந்த பதிவு எண்ணைப் போட்டேன். வேறு முகவரியில் இருக்கிற வேறொரு நிறுவனத்தின் எண் அது. அடுத்து, எஸ்.ஆர்.ஏ. ஒழுங்குபடுத்துகிற ஒவ்வொரு நிறுவனமும் தன் இணையதளத்தில் ஒரு டிஜிட்டல் முத்திரையை வைத்தே ஆக வேண்டும், 2019 நவம்பரிலிருந்து அது கட்டாயம். அதைத் தொட்டால் எஸ்.ஆர்.ஏ.வின் சரிபார்ப்புப் பக்கம் திறக்கும். இவர்கள் காட்டிய தளத்திலும் அந்த முத்திரை இருந்தது. தொட்டால் ஒன்றும் திறக்கவில்லை. வெறும் படத்தை ஒட்டி வைத்திருந்தார்கள். உண்மையான நிறுவனங்களின் பெயரையும் எண்ணையும் திருடி நடக்கிற மோசடிகளைப் பற்றி எஸ்.ஆர்.ஏ. தன் தளத்தில் எச்சரிக்கைகளைத் தொடர்ந்து வெளியிடுகிறது என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. ஐந்து நிமிட வேலை. பணம் கட்டும் முன் நான் அதைச் செய்யவில்லை.

அதற்கு மேல் அக்கா சொன்னதுதான் நெஞ்சை அறுத்தது. "நீ என்ரோல் பண்ணின வக்கீல் தானே? ஒனக்கு டிரெய்னிங் கான்ட்ராக்டே வேண்டாம்." வேறு நாட்டில் ஏற்கெனவே வழக்கறிஞராகத் தகுதி பெற்றவர்களுக்கு அந்த இரண்டு வருடப் பணி அனுபவ நிபந்தனை கிடையாது. தேர்வில் தேறி, ஒழுக்கமும் தகுதியும் பற்றிய சோதனையைத் தாண்டினால் சொலிசிட்டராகப் பதிவு கேட்கலாம். எனக்குத் தேவையே இல்லாத ஒன்றை, என் அம்மாவின் செயினை விற்கவைக்காத குறையாக, என்னிடம் விற்றிருக்கிறார்கள். நான் என்ரோல் செய்தவள் என்பது விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே இருந்தது.

தேர்வும் லேசானது இல்லை. முதல் பகுதியில் இரண்டு தாள், ஒவ்வொன்றிலும் 180 கேள்வி. இரண்டாம் பகுதியில் எழுத்து, வாய்மொழி என்று 16 திறன் சோதனைகள். இரண்டுக்கும் சேர்த்துக் கட்டணம் 4,000 பவுண்டுக்கு மேல். தேறினாலும் அது விசா ஆகாது, வேலையைத் தனியாகத் தேட வேண்டும். இதையெல்லாம் அந்தக் கருத்தரங்கில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இன்னும் என்ரோல் செய்யாத, அங்கே போய்ப் படிக்கிற பிள்ளைகளுக்கு டிரெய்னிங் கான்ட்ராக்ட் உண்மையிலேயே பெரிய விஷயம்தான். இன்டர்ன்ஷிப்பிலிருந்து அது எப்படிக் கிடைக்கிறது என்று அக்காவிடம் துருவித் துருவிக் கேட்டேன். அங்கே அதற்கு வெகேஷன் ஸ்கீம் என்று பெயர். ஒன்றிலிருந்து நான்கு வாரம், பெரும்பாலும் கோடை விடுமுறையில். நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் விண்ணப்பம், எழுத்துத் தேர்வு, நேர்காணல் எல்லாம் முடிந்துதான் உள்ளே விடுவார்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. பெரிய நிறுவனங்களில் வாரச் சம்பளம் அவர்கள் தருவார்கள். அந்த வாரங்களில் நாம் செய்கிற ஒவ்வொரு வேலையையும் ஒரு மேற்பார்வையாளர் பார்க்கிறார்.

அக்காவுக்கு முதல் நாள் தந்தது ஒரு சின்ன ஆராய்ச்சிக் குறிப்பு. எப்போது வேண்டும், எத்தனை பக்கம், யார் படிக்கப் போகிறார்கள் என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தாராம். சிவப்பு மையில் திருத்தி வந்த தாளைப் பார்த்து, அடுத்த குறிப்பில் அதே தவறு வராமல் பார்த்துக்கொண்டாராம். கடைசி வாரம் இறுதி நேர்காணல். "முதல் குறிப்பில் என்ன தப்பு விட்டாய், பிறகு என்ன மாற்றினாய்" என்று அதையே கேட்டார்களாம். கூட இருந்தவர்களில் எல்லோருக்கும் ஆஃபர் வரவில்லை. வந்தவர்களுக்கும் வேலை உடனே இல்லை, பெரிய நிறுவனங்கள் சுமார் இரண்டு வருடம் முன்னாலேயே ஆள் எடுத்துவிடுகின்றன. என்னுடைய பன்னிரண்டு சுருக்கத்தில் ஒன்றுக்காவது ஒரு சிவப்புக் கோடு வந்ததா என்று நினைத்துப் பார்த்தேன்.

விசா பற்றியும் சொல்லிவிடுகிறேன். அங்கே வேலை விசாவுக்கு ஸ்பான்சர் செய்கிற நிறுவனம் பிரிட்டிஷ் அரசின் உரிமம் பெற்ற பட்டியலில் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலும் அரசு இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். நம் பக்கத்திலோ, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிற ஏஜென்ட் 1983 குடிபெயர்வுச் சட்டத்தின்படி பதிவு செய்திருக்க வேண்டும், இந்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். பதிவு பெற்ற ஏஜென்டே வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். வளைகுடாவுக்கு ஆள் போகாத வீடு குறைவான நம் மாவட்டத்தில்கூட இது பலருக்குத் தெரியாது. நான் கேட்டபோது அந்த ஆள், "இது வேலை இல்லம்மா, டிரெய்னிங், அதனால பதிவு தேவையில்ல" என்றார். டிரெய்னிங் கான்ட்ராக்ட் சம்பளம் வாங்குகிற வேலைதான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது நான் கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டினார்கள். பதினோராவது நிபந்தனையில், பொடி எழுத்தில், "ஆலோசனைக் கட்டணம் மட்டுமே, வேலைக்கு உத்தரவாதம் இல்லை" என்று இருந்தது. ரசீதிலும் ஆலோசனைக் கட்டணம் என்றுதான் போட்டிருந்தார்கள். வாயால் உறுதி, தாளில் ஆலோசனை. இப்படித்தான் தப்பிக்கப் பார்க்கிறார்கள். ஆனால் "கன்வெர்ஷன் 100 சதவீதம் உறுதி", அதாவது இன்டர்ன்ஷிப் டிரெய்னிங் கான்ட்ராக்டாக மாறுவது நிச்சயம் என்று அவர்களே அனுப்பிய வாட்ஸ்அப் குரல்பதிவு என்னிடம் இருந்தது. அதுதான் இன்று வழக்கின் உயிர்.

சீனியர் ஒரு வார்த்தை திட்டவில்லை. நோட்டீஸை அவரே எழுதினார். நோட்டீஸ் போனதும் 80,000 திரும்ப வந்தது, பிறகு போன் எடுப்பதில்லை. நாகர்கோவில் எஸ்.பி. அலுவலகத்தில் மனு கொடுத்தோம், மோசடிக்கு பாரதிய நியாய சம்ஹிதா 318ஆம் பிரிவில். யுபிஐயில் போன பணத்துக்கு, சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்குச் சொன்னோம். ஆனால் நாங்கள் சொல்லும்போது வாரங்கள் கடந்திருந்தன, அந்தக் கணக்கில் எதுவும் மிச்சமில்லை. உடனே சொன்னால்தான் பணத்தை நிறுத்திவைக்க வழி உண்டு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் தனியாகப் புகார் போட்டிருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே புகாருக்குக் கட்டணமே கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் வைக்காமல் நீங்களே போடலாம்.

எங்கள் பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் பதினான்கு பேர் இருந்தோம். குழித்துறை, இரணியல், குளச்சல் பக்கத்துப் பிள்ளைகள். புகார் கொடுத்த அன்றைக்குக் குழுவைக் கலைத்துவிட்டார்கள். மூன்று பேர் என்னோடு வந்திருக்கிறார்கள். மற்றவர்கள் வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். அவர்களுக்குச் சொல்கிறேன்: ரசீதைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், மெசேஜையும் குரல்பதிவையும் அழிக்காதீர்கள், போனை மாற்றினால் பழைய போனை விற்றுவிடாதீர்கள். வீட்டில் சொல்லிவிடுங்கள். நான் சொன்ன ராத்திரி அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சாப்பிட்டியா மக்களே?" என்றுதான் கேட்டார். மறுநாள் மனு கொடுக்க என்னோடு நாகர்கோவிலுக்கு வந்தார்.