அண்ணாச்சி கடையா, சூப்பர் மார்க்கெட்டா?

மேடவாக்கம், பெரும்பாக்கம் பக்கம் புதுசா குடிவர்றவங்க எல்லாரும் கேக்குறது, மாச மளிகைய எங்க வாங்குறதுன்னுதான்.

விலை: சோப்பு, பேஸ்ட், பிஸ்கட் எல்லாம் டிமார்ட் மாதிரி பெரிய கடைல எம்ஆர்பிக்கு கீழ கிடைக்கும், அண்ணாச்சிகிட்ட பெரும்பாலும் எம்ஆர்பிதான். ஆனா மொளகா, புளி, பருப்பு லூஸ்ல வாங்குனா கதை வேற, கைல எடுத்து மோந்து பாத்து நூறு கிராம் கூட வாங்கலாம்.

அரிசி தனி கணக்கு. 2022 ஜூலை 18லேருந்து 25 கிலோ வரைக்கும் லேபிள் போட்ட மூட்டைக்கு 5% ஜிஎஸ்டி, அதுக்கு மேல போனா கிடையாது, அதனாலதான் 26 கிலோ மூட்டை முளைச்சுது. எங்க வாங்குனாலும் மூட்டை எடைய பாத்து கிலோவுக்கு என்ன விழுதுன்னு வகுத்துப் பாருங்க.

வசதி:
பெரிய கடை: ஏசி, பார்க்கிங் எல்லாம் இருக்கு, ஆனா மாசம் பொறந்த முதல் ஞாயித்துக்கிழமை போனா பில்லு போடவே அரை நாள் போயிடும்.
அண்ணாச்சி: போன்ல சொன்னா பையன் கொண்டாந்து குடுப்பான், தேங்கா அழுகியிருந்தா மாத்திக்கலாம், பழகிட்டா கடன் நோட்டும் உண்டு, கறிவேப்பில கொசுறு வேற (எந்த ஆப் குடுக்கும் அத?).

ட்ராலி தள்ளுனா லிஸ்ட்ல இல்லாதது நாலு வந்து விழும், அதையும் கணக்குல வைங்க.

வண்டி இருக்குற பெரிய குடும்பம்னா சோப்பு, பேஸ்ட்டு அங்க, பருப்பு, மசாலா சாமான் இங்க. பேச்சிலருக்கும் வயசானவங்களுக்கும் யோசிக்கவே வேணாம், அண்ணாச்சி கடைதான்.