காதர்பேட்டை தெர்மல்: தைப் பனிக்குச் சரி, மாசிப் பனிக்கு?

திருப்பூர் ரயில் நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரத்தில் காதர்பேட்டை. வெளிநாட்டுக்குப் படிக்கவோ வேலைக்கோ கிளம்பும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூர், ஈரோடு, பொள்ளாச்சிப் பக்கமிருந்து வரும் குடும்பங்கள் பெட்டி கட்டுவதற்கு முன்னால் இங்கே ஒரு நடை வந்துவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. முதலில் கேட்பது தெர்மல், அதாவது குளிருக்கு உடம்பை ஒட்டி உள்ளே போடும் உடுப்பு.

"ஏனுங், இது ஐஸ் கொட்டுற ஊருக்குத் தாங்குமுங்களா?"

"நல்லாத் தாங்குமுங். உள்ள கைய உட்டுப் பாருங், மெத்தையாட்ட இருக்குது."

கையை விட்டுப் பார்த்தால் மெத்தை மாதிரிதான் இருக்கிறது. வம்பே அந்த மெத்தையில்தான்.

தெர்மல் என்று இங்கே தொங்குவது பெரும்பாலும் மூன்று ரகம். முதலாவது, ரிப் அல்லது இன்டர்லாக் பின்னலில் வரும் காட்டன் லைக்ரா. 180 முதல் 220 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை இத்தனை கிராம். இரண்டாவது, உள்பக்கம் பஞ்சு எழுப்பிய ஃப்ளீஸ். 240க்கு மேல் போகும், கடைக்காரர் முதலில் எடுத்துப் போடுவது இதைத்தான். மூன்றாவது, பாலியஸ்டர் லைக்ரா. விளையாட்டு டி-ஷர்ட் போல வழவழவென்று மெலிதாக இருக்கும். 'இதுல என்ன குளிர் தாங்கும்' என்று பலரும் ஒதுக்கிவிடுவார்கள். பனி ஊருக்குப் போகிறவர் முதலில் எடுக்க வேண்டியது இந்த மூன்றாவதைத்தான்.

குளிரைத் தடுப்பது துணி இல்லை, துணிக்குள் அசையாமல் நிற்கும் காற்று. ஃப்ளீஸின் பஞ்சு அந்தக் காற்றைப் பிடித்து வைக்கத்தான். ஆனால் பஞ்சு எதில் ஆனது என்பதில் கதை மாறும். சாதாரண ஈரப்பதத்திலேயே பருத்தி தன் எடையில் 8.5 சதவீதம் ஈரத்தை வாங்கி வைத்திருக்கும்; பாலியஸ்டர் 0.4 சதவீதம்தான். கனமான கோட்டைப் போட்டுக்கொண்டு வேகமாக நடந்தாலோ, வாசலில் பனியை வாரிப் போட்டாலோ முதுகு வியர்க்கும், வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருந்தாலும். அந்த வியர்வையைக் காட்டன் பஞ்சு குடித்துக்கொண்டு படிந்துவிடும். காற்று நின்ற இடத்தில் இப்போது தண்ணீர். காற்றைப் போல ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுப்பது தண்ணீர். வேலையை நிறுத்திப் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பத்து நிமிடத்தில் முதுகு சில்லிட்டுப் போவது இதனால்தான்.

அப்படியானால் காட்டன் தெர்மல் வீண் செலவா? இல்லை. ஊட்டிக்கு அதுவே போதும், ஏன், அதுதான் சுகம். மார்கழி, தையில் தலைக்குந்தா, காந்தல் பக்கம் புல்வெளி வெள்ளையாகக் கிடப்பது வானத்திலிருந்து விழுந்த பனி இல்லை, உறைபனி. வெயில் ஏறினால் போய்விடும். பகலில் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு நடக்கலாம். விடியற்காலை மூன்று மணி நேரத்துக்கு ரிப் காட்டனும் ஒரு ஸ்வெட்டரும் தாராளம். வெளிநாட்டிலும் ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள் போட்டுக்கொள்ள, இரவு தூங்க, காட்டன் நல்லது. பாலியஸ்டர் வியர்வை நாற்றத்தைப் பிடித்துக்கொள்ளும். ஹீட்டர் காய்ச்சிய வறண்ட அறையில் கதவுக் கைப்பிடியைத் தொட்டால் சுருக்கென்று ஷாக்கும் அடிக்கும். ஆபத்தில்லை, எரிச்சல்தான்.

கெடுதல் வருவது குளிர்காலத்தின் வாலில். 'தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்று நம் ஊரில் சொல்வது நம் பனிக்கு. பனி கொட்டும் வெளிநாட்டு ஊர்களிலும் சில வருடம் அப்படித்தான் ஆகிறது. பிரிட்டனில் 2013 மார்ச் மாதச் சராசரி வெப்பநிலை 2.2 டிகிரி. அதற்கு முந்தைய டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மூன்றையும்விட வசந்தம் பிறக்கும் மாதம் அதிகம் குளிர்ந்தது. மார்ச் கடைசியிலும் பனி குவிந்து சாலைகள் அடைபட்டன. 2018இல் பிப்ரவரிக் கடைசியில் தொடங்கிய கடுங்குளிர் மார்ச் நடுவில் இன்னொரு முறை திரும்பி வந்தது. அமெரிக்காவின் பாஸ்டனில் 2014-15 குளிர்காலத்தில் விழுந்த பனி 110.6 அங்குலம்; வாரிக் கொட்டிய குவியலில் கடைசி மிச்சம் கரைந்தது ஜூலை 14 அன்று. நம் கணக்கில் ஆடி பிறக்க மூன்று நாள் பாக்கி.

ஜனவரியில் மைனஸ் 10இல் விழும் பனி மாவு மாதிரி. கோட்டைத் தட்டினால் உதிர்ந்துவிடும், நனைக்காது. மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டி விழுவது ஈரப் பனி. தோளில் விழுந்த இடத்திலேயே கரையும். நடைபாதையில் உப்புத் தூவிக் கரைத்த பனிச்சேறு பேண்ட்டின் கீழ்மடிப்பு வழியாக மேலே ஏறும். ராத்திரி மறுபடி உறையும். வெப்பமானியில் 2 டிகிரி என்று பார்த்துவிட்டு 'குளிர் விட்டாச்சு' என்று காட்டனுக்கு மாறுகிறவர்தான் நடுங்குவார். மைனஸ் 10இல் சமாளித்த அதே ஃப்ளீஸ் தெர்மல் 2 டிகிரியில் கைவிடுவதற்குக் காரணம் ஈரம், வேறொன்றுமில்லை.

இனி கடையில் எப்படிப் பிரித்தறிவது. எக்ஸ்போர்ட் மிச்சத்தில் கழுத்து லேபிளை வெட்டி எடுத்திருப்பார்கள், ஆனால் இடது பக்கத் தையலுக்குள் இருக்கும் வாஷ்கேர் லேபிளைப் பல பீஸ்களில் அப்படியே விட்டிருப்பார்கள். காட்டன் 95, எலாஸ்டேன் (லைக்ராதான்) 5 என்பதுபோல் அதில் இருக்கும். அதுவும் இல்லையென்றால் ஒரு நூலைக் கொளுத்திப் பார்ப்பதுதான் வழி. இதில் எல்லோரும் செய்யும் தப்பு, தையலில் தொங்கும் பிசிறைப் பிடுங்கிக் கொளுத்துவது. தைக்கிற நூல் பெரும்பாலும் பாலியஸ்டர். துணி எதுவானாலும் அது உருகத்தான் செய்யும். உள்தையலில் ஓவர்லாக் (துணி ஓரத்தை வெட்டிக்கொண்டே சுற்றித் தைப்பது) வெட்டிய ஓரத்திலிருந்து துணியின் நூலையே உருவ வேண்டும். காகிதம் எரியும் வாசம், ஊதினால் பறக்கும் சாம்பல் என்றால் காட்டன். சுருங்கி உருகிக் கறுப்பாக, நகத்தால் உடைக்க முடியாத மணியாக நின்றால் பாலியஸ்டர். கொஞ்சம் சாம்பலும் கொஞ்சம் மணியுமாக வந்தால் கலப்பு. முடி பொசுங்கும் நாற்றம் வந்தால் கம்பளி, ஆனால் அது காதர்பேட்டையில் அபூர்வம். கம்பளிப் பின்னலுக்கு ஊர் லூதியானா. கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வெளியே வந்து கொளுத்துங்கள், சுற்றிலும் துணி மூட்டை.

பாலியஸ்டர் என்று தெரிந்ததும் உள்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சில நொடியில் ரூபாய்க் காசு அளவுக்குப் பரவினால் வியர்வையைக் கடத்தும் ஃபினிஷிங் கொடுத்த துணி, வாங்கலாம். முத்தாக உருண்டு நின்றால் வெறும் பாலியஸ்டர். வியர்வை தோலிலேயே நிற்கும், பிசுபிசுக்கும். விலை வித்தியாசம் பெரிதாக இராது, போட்டுக்கொள்ளும்போது தெரியும் வித்தியாசம் பெரிது.

ஜிஎஸ்எம் எவ்வளவு என்று கேட்டால் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்கிற கடையும் உண்டு. கம்பெனியில் வட்டக் கட்டரால் 100 சதுர சென்டிமீட்டர் வெட்டி எடை போட்டு நூறால் பெருக்குவார்கள். 2 கிராம் வந்தால் 200 ஜிஎஸ்எம். கடையில் பீஸை வெட்ட முடியாது. ஆனால் முழுக்கைச் சட்டை ஒன்றுக்குத் துணி ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் என்பதால், மேலே போடுவதைத் தராசில் வைத்தாலே கணக்கு வந்துவிடும். மீடியம் சைஸ் 200 கிராமுக்குள் நின்றால் உள்ளடுக்குக்குச் சரி. 300ஐத் தொட்டால் அது உள்ளடுக்கு இல்லை, நடு அடுக்கு. மேலே இன்னொரு ஸ்வெட்டரைப் போட்டால் கைகளை மடக்க முடியாது.

ஃப்ளீஸ் எடுத்தே தீருவேன் என்பவர்கள் ரைசிங் எப்படி என்று பார்க்க வேண்டும். உள்பக்கத்துத் தடித்த நூலைக் கம்பி உருளைகள் பிறாண்டிப் பஞ்சாக்குகின்றன. அளவோடு பிறாண்டினால் பஞ்சு வேரோடு நிற்கும். கடையில் புசுபுசுவென்று தெரிய வேண்டும் என்று கூடுதலாகப் பிறாண்டினால் நூல் நைந்து, நாலைந்து சலவையில் பஞ்சு உருண்டை கட்டும், துணியும் மெலியும். உள்பக்கத்தில் செலோடேப் ஒட்டிப் பிரித்தால் போதும். டேப் வெள்ளையாகிவிட்டால் வைத்துவிடுங்கள்.

தையலில் பார்க்க வேண்டியது இரண்டே விஷயம். தோள், அக்குள், தொடைச் சந்து மூன்றிலும் ஃபிளாட்லாக், அதாவது மடிப்பு துருத்தாத தட்டைத் தையல் இருந்தால் நல்லது. ஓவர்லாக் மடிப்பு மேலே கனத்த உடுப்பு அழுத்தும்போது தோலில் வரி போடும். பையின் பட்டை தோளில் உட்கார்ந்தால் இன்னும் மோசம். பேண்ட்டின் சந்தில் சாய்சதுரமாக ஒரு துண்டு வைத்துத் தைத்திருக்க வேண்டும். அது இல்லாத பீஸில் நாலு தையலும் ஒரே புள்ளியில் கூடும். குந்தி உட்கார்ந்தால் விடுவது அங்கேதான். இடுப்பு எலாஸ்டிக்கை இரண்டு பங்கு நீளத்துக்கு இழுத்துவிட்டு அளவுக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். சின்னக் குறையால் கழித்த செகண்ட்ஸ் பீஸில் ஆயில் கறை, ஷேடு வித்தியாசம் பற்றிக் கவலை வேண்டாம், உள்ளே போடுவதுதானே. ஊசி விட்ட நீளக்கோடு இருந்தால் மட்டும் எடுக்காதீர்கள். இழுபடும்போது அந்தக் கோட்டில்தான் ஓட்டை விழும்.

சைஸ் லேபிளை நம்ப வேண்டாம். அமெரிக்க ஆர்டரின் மீடியம் நம் ஆளுக்கு லார்ஜாக இருக்கும். உள்ளடுக்கு உடம்போடு ஒட்டி நிற்க வேண்டும், தொளதொளத்தால் காற்று ஓடிச் சூடு போய்விடும். 38 அங்குல மார்புக்குப் பீஸைத் தட்டையாகப் போட்டு அளந்தால் 18 முதல் 19 அங்குலம். காட்டன் ரிப்பில் நீளத்துக்கு மட்டும் இடம் விடுங்கள்: காம்பேக்டிங் (பின்னால் சுருங்காமல் இருக்கத் துணியை முன்கூட்டியே அழுத்திச் சுருக்குவது) சரியாக இல்லாத துணி 5 சதவீதம் சுருங்கினால் 28 அங்குல உயரத்தில் 1.4 அங்குலம் போய்விடும். குனிந்தால் முதுகு தெரியும், அந்த ஒரு விரல் இடைவெளியில்தான் குளிர் நுழையும். பல கடைகளில் போட்டுப் பார்க்க இடமும் கிடையாது, திருப்பி எடுக்கவும் மாட்டார்கள் என்பதால் அளவெடுக்கும் டேப் கையோடு இருக்கட்டும்.

பருத்தியிலும் கோடைக்கால உடுப்பிலும் கெட்டிக்கார ஊர் திருப்பூர். குளிர்கால ஆர்டரும், செயற்கை நூலும் இங்கே குறைவுதான். அதனால் நல்ல பாலியஸ்டர் தெர்மல் வந்தாலும் அளவுகள் சீக்கிரம் தீரும். ஜனவரியில் விமானம் என்றால் டிசம்பர் கடைசியில் வந்து தேடாதீர்கள். ஐப்பசியிலேயே ஒரு நடை வாருங்கள். ஆளுக்குப் பாலியஸ்டரில் மேலே மூன்று, கீழே இரண்டு. தூங்கக் காட்டனில் ஒரு செட். துவைக்கும்போது சாஃப்ட்னர் ஊற்றக் கூடாது, அது நூலில் படிந்து வியர்வை கடத்துவதை அடைத்துவிடும். டிரையரில் அதிகச் சூடு வைத்தால் லைக்ரா செத்துவிடும். அறைக்குள் கொடியில் போட்டாலே பாலியஸ்டர் விடிவதற்குள் காய்ந்திருக்கும். காட்டன் ஃப்ளீஸ் மறுநாளும் அக்குளில் ஈரமாக இருக்கும்.

மேலே போடும் நீர்புகாக் கோட்டையும் பூட்ஸையும் அந்த ஊரில் போய் வாங்குவதே நல்லது. சாக்ஸும் அப்படித்தான். டஜன் கணக்கில் இங்கே கட்டிக்கொடுக்கும் காட்டன் சாக்ஸைப் பெட்டியில் திணிக்க வேண்டாம். பனிச்சேற்றில் முதலில் நனைவது கால், பூட்ஸுக்குள் காயாமல் கிடப்பதும் அதுவே. கம்பளி கலந்த சாக்ஸ் இரண்டு ஜோடி போதும், ஒன்று காலில், ஒன்று கொடியில்.