ஒரு குவார்ட்டர் எத்தனை டிரிங்க்? ஆடிட் வினாத்தாள் மதுரைக் களத்தில் தேறுமா

குடிப்பழக்கத்துக்கும் கூலி வேலைக்கும், குடிப்பழக்கத்துக்கும் சாதிக்கும் என்ன தொடர்பு என்று ஆராய மானியம் கேட்டு எழுதும் விண்ணப்பங்களில் 'ஆய்வுக் கருவிகள்' பத்தியில் தவறாமல் வரும் பெயர் ஆடிட் (AUDIT). ஒருவரின் குடி எவ்வளவு ஆபத்தானது என்று அளக்க உலக சுகாதார நிறுவனம் தயாரித்த பத்துக் கேள்விகள். மொத்தம் 40 மார்க். 8 வந்தால் ஆபத்தான குடி, 16 வந்தால் உடம்பைக் கெடுக்கும் குடி, 20-உம் அதற்கு மேலும் வந்தால் அடிமைநிலை இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. நிதானமாகக் கேட்டாலும் ஐந்து நிமிடத்தில் முடியும். தயாரித்தபோது சோதித்துப் பார்த்த ஆறு நாடுகள் ஆஸ்திரேலியா, பல்கேரியா, கென்யா, மெக்சிகோ, நார்வே, அமெரிக்கா. இந்தியா அதில் இல்லை. மாட்டுத்தாவணிச் சுமைதூக்குபவரிடமும் மேலூர்ப் பக்கம் கல் உடைப்பவரிடமும் இந்தத் தாளை அப்படியே நீட்டினால் எங்கே இடறும் என்பதற்குத்தான் இந்த மதிப்புரை.

முதல் இடறல் இரண்டாம் கேள்வியிலேயே வந்துவிடும். 'குடிக்கும் நாளில் எத்தனை டிரிங்க் குடிப்பீர்கள்?' தாளின் கணக்கில் ஒரு டிரிங்க் என்றால் 10 கிராம் சுத்த ஆல்கஹால். டாஸ்மாக் வாசலில் அந்தக் கணக்கு யாருக்கும் கிடையாது. அங்கே குவார்ட்டர், ஹாஃப், ஃபுல்தான். பிராந்தி பாட்டில் லேபிளில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். 180 மில்லியில் அது 77 மில்லி ஆல்கஹால். எடைக்கு மாற்ற ஆல்கஹாலின் அடர்த்தியான 0.789-ஆல் பெருக்கினால் 61 கிராம். அதாவது ஒரு குவார்ட்டர் ஆறு டிரிங்க். இரண்டு பேர் காசு சேர்த்து வாங்கிப் பிரிக்கும் 'கட்டிங்' ஆளுக்கு 90 மில்லி, மூன்று டிரிங்க். 8 சதவீத பீர் 650 மில்லி என்றால் நான்கு.

இப்போது சனிக்கிழமை வாரக்கூலி வாங்கியதும் ஒரு குவார்ட்டர் அடிக்கும் கொத்தனாரிடம் கேட்கிறோம். "ஒண்ணுதான் தம்பி" என்பார். அவர் சொல்வது ஒரு பாட்டில். கேட்பவர் 'ஒன்று அல்லது இரண்டு' என்ற கட்டத்தில் டிக் போட்டால் மார்க் 0. மூன்றாம் கேள்வி, 'ஒரே நேரத்தில் ஆறு டிரிங்க்கோ அதற்கு மேலோ எப்போதாவது?' என்பது, அதற்கும் 'இல்லை', 0. இங்கேதான் பெரிய ஓட்டை. இரண்டும் மூன்றும் சேர்ந்து பூஜ்யம் என்றால் நேராக ஒன்பதாம் கேள்விக்குத் தாவு என்று தாளே சொல்கிறது. நான்கிலிருந்து எட்டு வரை அவரிடம் கேட்கவே மாட்டார்கள். 'எவ்வளவு அடிக்கடி குடிப்பீர்கள்?' என்ற முதல் கேள்வியின் 2 மார்க்கோடு 'பாதிப்பில்லாதவர்' ஆகிவிடுவார்.

சரியாகக் கேட்டால் அதே மனிதருக்கு மாதம் நான்கு முறை என்பதற்கு 2, ஆறு டிரிங்க் என்பதற்கு 2, வாரந்தோறும் ஆறு தொடுவதற்கு 3 என்று மொத்தம் 7 வரும். அவரே கட்டிங்கோடு நிறுத்திக்கொள்பவராக இருந்தால் 3. ஆகவே 180 மில்லி காலிப் பாட்டில் ஒன்று, பீர் பாட்டில் ஒன்று, ஒரு குடம் தண்ணீர், நாலு டம்ளர் இல்லாமல் களத்துக்குப் போகாதீர்கள். 'நீங்க ஊத்துற அளவை இதுல ஊத்திக் காட்டுங்க' என்றால் போதும். தண்ணீரை அளவுக் குவளையில் அளந்து மில்லியாகவே குறியுங்கள். டிரிங்க்காக மாற்றுவது பிறகு கணினியில் நடக்கட்டும். களத்தில் மனக்கணக்குப் போட்டால் சாயங்காலத்துக்குள் கை தவறும்.

ஏற்றத்தாழ்வை ஆராய்பவருக்கு இதைவிடப் பெரிய சிக்கல் ஐந்தாம் கேள்வி: 'குடியால் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல் போனதுண்டா?' மேலே சொன்ன கொத்தனார் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை வேலைக்குப் போகவில்லை. ஒரு நாள் கூலி போச்சு, வீட்டில் சண்டை, நன்றாக நினைவிருக்கும். 2 மார்க் சேர்ந்து 9. அதே சனிக்கிழமை அதே குவார்ட்டர் அடிக்கும் அலுவலக ஊழியர் ஒருநாள் கேஷுவல் லீவு போட்டுத் தூங்கியிருப்பார். அதை அவர் வேலை தவறியதாகவே கணக்கு வைக்கமாட்டார். 7-லேயே நிற்பார். எட்டு என்ற கோடு இருவருக்கும் நடுவில் ஓடுகிறது, குடித்த அளவில் ஒரு மில்லிகூட வித்தியாசமில்லை.

ஆறாம் கேள்வி காலையில் குடிப்பது பற்றியது. முந்தைய நாள் போதைக்குப் பிறகு உடம்பு நடுங்காமல் இருக்கக் குடிக்கிறாரா என்று பார்ப்பது அதன் நோக்கம். சாக்கடை அடைப்பெடுக்கப் போகுமுன் நாற்றம் தாங்கக் குடிக்கும் துப்புரவுத் தொழிலாளியும் 'ஆமாம், தினமும்' என்பார். அந்த 4 மார்க் அடிமைநிலையைச் சொல்கிறதா, சாதி பார்த்து அவர் தலையில் கட்டிய வேலையைச் சொல்கிறதா என்று தாளால் பிரிக்க முடியாது. 'வேலை இல்லாத நாளிலும் காலையில் வேணுமா?' என்று ஒரு துணைக்கேள்வி சேர்த்தால் பிரித்துவிடலாம். காயம் பற்றிய ஒன்பதாம் கேள்விக்கும் இதே கதிதான். சாரத்தில் நிற்பவர் தடுமாறினால் எலும்பு முறியும், நாற்காலியில் இருப்பவருக்கு ஒன்றும் ஆகாது. பத்தாவது எதிர்ப்பக்கம் சாயும்: 'டாக்டரோ உறவினரோ கவலைப்பட்டார்களா' என்று கேட்கிறது. வருடா வருடம் மாஸ்டர் செக்கப் போகிறவரிடம் டாக்டர் சொல்லியிருப்பார். டாக்டரையே பார்க்காதவருக்கு யார் சொல்வது?

ஸ்காட்லாந்தில் நடந்த ஆய்வுகள் ஒரே அளவு குடித்தாலும் ஏழைகளுக்கே பாதிப்பு அதிகம் என்று காட்டின. மதுரையிலும் அப்படியா என்று கேட்பது நல்ல ஆராய்ச்சிக் கேள்வி. ஆனால் 40-க்கு மொத்த மார்க்கை மட்டும் வைத்துக்கொண்டு அதற்குப் பதில் சொல்ல முடியாது, ஏழ்மை ஏற்கெனவே மார்க்குக்குள் உட்கார்ந்திருக்கிறது. முதல் மூன்று கேள்விகளைத் தனியாக (12 மார்க், குடித்த அளவு), மீதி ஏழு கேள்விகளைத் தனியாக (விளைவு) பதிவுசெய்து அலசுவதே வழி. பலர் இதைச் செய்வதில்லை.

விண்ணப்பங்களில் ஆடிட்டோடு கூடவே வரும், குடும்பத்தின் சமூகப் பொருளாதார நிலையை அளக்கும் குப்புசாமி அளவுகோல் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1976-இல் நகரக் குடும்பங்களுக்காக வந்தது. குடும்பத் தலைவரின் படிப்பு, தொழில், குடும்ப வருமானம், ஆக 29 மார்க். வருமான எல்லைகளை விலைவாசிக் குறியீட்டுக்கு ஏற்பப் புதுப்பிக்காமல் பழைய அட்டவணையை அப்படியே ஒட்டுவது அடிக்கடி நடக்கும் தப்பு. உசிலம்பட்டிக் கிராமங்களுக்கு இது பொருந்தாது; ஊர்ப்புறத்துக்கு உதய் பரீக் அளவுகோல் இருக்கிறது. குப்புசாமியில் கடன் கிடையாது, சாதியும் கிடையாது. தனித்தாளில் இவற்றைக் கேளுங்கள்: போன மாதம் எத்தனை நாள் வேலை கிடைத்தது, கூலி நாளா வாரமா, கையில் வருமுன் முன்பணம் எவ்வளவு பிடித்தார்கள், தண்டல்காரர் எப்போது வருவார், வீட்டில் காசு யார் கையில்.

நேரமும் இடமும் முக்கியம். லைன் வீட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் மனைவியும் மாமியாரும் கேட்டுக்கொண்டிருக்க உண்மை வராது. கூலியாட்கள் கூடும் முக்கில் காலை எட்டுக்கு முன் நிறுத்தினால் அன்றைய வேலை போய்விடும். மதியம் சாப்பாட்டு இடைவேளை பரவாயில்லை. பெண்களிடம் பெண்களே கேட்க வேண்டும். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் தமிழகத்தில் குடிக்கும் ஆண்கள் 25.4 சதவீதம், பெண்கள் 0.3 என்று வந்தது. அந்த 0.3-இல் எத்தனை கூச்சம் கலந்ததோ. பெண்களுக்கு எல்லைக்கோட்டை 7 ஆக வைக்கலாம் என்று கையேடே சொல்கிறது. கஞ்சா, மாத்திரை, உதட்டில் வைக்கும் புகையிலை எல்லாம் வேண்டுமென்றால் ஆடிட் உதவாது, மற்ற போதைப்பொருள்களையும் கேட்கும் அசிஸ்ட் (ASSIST) தாளுக்குப் போங்கள்.

மானியத்துக்கு வருவோம். ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். (இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம்), ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) போன்ற இடங்களுக்கு எழுதும்போது, தாள் இலவசம் என்பதால் ஆய்வுக் கருவிச் செலவு வரிசையில் பூஜ்யம் போட்டுவிடுகிறார்கள். தண்ணீர் ஊற்றி அளந்து, கடன் தாளையும் சேர்த்தால் ஓர் ஆளுக்கு அரைமணி ஆகும், ஐந்து நிமிடமல்ல. களப்பணியாளர் சம்பளத்தை அந்தக் கணக்கில் போடுங்கள்; இரண்டு நாள் பயிற்சிக்கும் ஒதுக்குங்கள். வெளிநாட்டுப் பணம் என்றால் எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவும், சுகாதார அமைச்சகக் குழுவின் ஒப்புதலும் வேண்டும்; கால அட்டவணையில் அதற்கு இடம் விடாதவர்கள் முதல் வருடத்தை அதிலேயே தொலைப்பார்கள்.

20-உம் அதற்கு மேலும் வந்தவரை மார்க் போட்டுவிட்டு அப்படியே விட்டு வரக்கூடாது. ராஜாஜி அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு ஒரு சீட்டு, 14446 என்ற போதை மீட்பு உதவி எண், இரண்டும் பையில் இருக்க வேண்டும். 'இன்னைக்கே நிறுத்திடுங்க' என்று களப்பணியாளர் யாரும் சொல்லக்கூடாது. தினமும் அதிகமாகக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் சித்தம் கலங்கலாம், உயிரே போகலாம். டாக்டர் பார்வையில் மாத்திரையோடுதான் நிறுத்த வேண்டும். இதைப் பயிற்சியின் முதல் மணிநேரத்திலேயே சொல்லிவிடுங்கள், பாட்டில் அளவைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.