பழைய தேக்கா, மாடுலரா?

கடைசல் கால் வைத்த தேக்கு நாற்காலியும் பிடிக்கிறது, சுவரோடு ஒட்டிய வெள்ளை மாடுலர் அலமாரியும் (பகுதி பகுதியாகச் செய்து வந்து வீட்டில் பூட்டுவது) பிடிக்கிறது என்று குழம்புகிறவர்களுக்கு இது.

விலை
தேக்கு: காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் செட்டிநாட்டு வீடுகளின் பழைய சாமான்கள் கிடைக்கும். பேரம் உண்டு. வண்டி வாடகை, பாலிஷ் கூலி தனி.
மாடுலர்: பார்ட்டிக்கிள் போர்டு (மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) என்றால் மலிவு, நல்ல பிளைவுட் என்றால் இல்லை.

உழைப்பு
தேக்கு: மரத்திலேயே எண்ணெய்ப் பசை இருப்பதால் கரையான் எளிதில் அண்டாது. கீறல் விழுந்தால் தேய்த்து மறுபடி பாலிஷ் போடலாம், பிரம்பு தொய்ந்தால் புதிதாகப் பின்னலாம்.
மாடுலர்: பார்ட்டிக்கிள் போர்டில் தண்ணீர் இறங்கினால் உப்பிவிடும், அப்புறம் திருகாணி பிடிக்காது. சமையலறைக்கு ஐ.எஸ். 710 (தண்ணீர் தாங்கும் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண்) முத்திரையுள்ள பிளைவுட்டைக் கேளுங்கள். "எல்லாம் வாட்டர்ப்ரூஃப்தான் சார்" என்பார்கள். முத்திரையை நீங்களே பாருங்கள்.

பராமரிப்பு
தேக்கு: கடைசல் இடுக்கெல்லாம் தூசி.
மாடுலர்: ஈரத்துணி போதும்.

அடிக்கடி வீடு மாறுகிறவர்கள் சுவரில் அடிக்கும் மாடுலரில் பணம் போட வேண்டாம்; கழற்றிப் பூட்டினால் இணைப்புகள் தளர்ந்துவிடும். அவர்களுக்குத் தூக்கிப்போகக்கூடிய இரண்டு மூன்று தேக்குச் சாமான்களே சரி. சிறிய சொந்த ஃபிளாட், குழந்தைகள், நிறைய சாமான் என்றால் மாடுலர்தான். கூடத்தில் இடம் மிஞ்சினால் ஒரே ஒரு தேக்கு ஊஞ்சல் போடலாம். வெள்ளை அலமாரிக்குப் பக்கத்தில் அது எடுப்பாகவே இருக்கும், ஆனால் கொக்கி மாட்டக் கூரை தாங்குமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.