ஸ்வாகோப்முண்ட் மணல்மேட்டுச் சுற்றுலா: விரியனுக்காகவே போகலாம்

நமீபியாவின் ஸ்வாகோப்முண்டில் காலைநேர மணல்மேட்டுச் சுற்றுலா போனேன். இதன் பலமே வழிகாட்டிதான். மணலில் சாய்கோடுகளாகக் கிடந்த தடத்தைப் பிடித்துப் போனவர், ஒரு புதரடியில் நின்று கை காட்டினார். எனக்கு மணல் மட்டும்தான் தெரிந்தது. உற்றுப் பார்த்தால் இரண்டு கண்கள், பக்கத்தில் கறுத்த வால்நுனி! பெரிங்கே விரியன். கண்கள் தலையுச்சியில் இருப்பதால் உடம்பை முழுக்கப் புதைத்துக்கொண்டே வேவு பார்க்கிறது. வால்நுனியைப் புழுபோல நெளித்துப் பல்லிகளை வரவழைக்கும். நீளம் பெரும்பாலும் 20 முதல் 25 சென்டிமீட்டர்தான். கடல் மூடுபனி உடம்பில் படிய, அந்தத் துளிகளைக் குடித்தே தாகம் தீர்த்துக்கொள்ளும். விஷப்பாம்பு என்பதால் வழிகாட்டி யாரையும் நெருங்க விடவில்லை, படத்துக்காக அதைக் கிளறவும் இல்லை. அந்தப் பொறுப்பு எனக்கு ரொம்பப் பிடித்தது. வண்டியில் இருக்கைகள் நெருக்கம். அப்புறம், மூடுபனி விலகும்வரை நல்ல குளிர், ஸ்வெட்டர் அவசியம்.