தாலி கட்டும்போது படம் உடைவது ஏன்: எஃப்எஃப்எம்பெக்கில் 7 வருட டிவிடி அனுபவம்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். டிவிடிக்குத் தேவையான எம்பெக்-2 கோப்பை (டிவிடி பிளேயர் படிக்கும் சுருக்கிய வீடியோ வடிவம்) 7 வருடமாக எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில்தான் எடுக்கிறேன். இன்னும் யார் டிவிடி கேட்கிறார்கள் என்று தோன்றலாம். பென் டிரைவும் கொடுக்கிறேன், ஆனால் வீட்டுப் பெரியவர்களுக்கு ஆல்பத்தோடு ஒரு வட்டு வேண்டும், டிவிக்குக் கீழே இருக்கும் பிளேயரில் போட்டு உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவர்களுக்கு நல்ல படமாகக் கொடுப்பது என் வேலை.

முன்பு எடிட்டிங் மென்பொருளிலேயே இருந்த ஒரே பொத்தானை அழுத்தி வட்டு எழுதிக்கொண்டிருந்தேன். திருவந்திபுரம் கோயிலில் நடந்த ஒரு கல்யாணம், 3 மணி நேரப் படம், ஒரே வட்டு. கொடுத்த ஒரு வாரத்தில் பெண்ணின் அப்பா வட்டோடு திரும்பி வந்தார். "தம்பி, தாலி கட்டுற நேரத்துல பொண்ணு முகமே தெரியல, எல்லாம் கட்டம் கட்டமா இருக்கு" என்றார். கோபப்படவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. என் கணினியில் மூலக் கோப்பைப் போட்டுக் காட்டினேன், அதில் முகம் பளிச்சென்று இருந்தது. ஆக, கேமராவில் தவறு இல்லை, வட்டுக்கு மாற்றும் வழியில்தான் கெட்டிருக்கிறது.

சரியாக அந்த இடத்தில் மட்டும் ஏன் உடைகிறது என்று புரிய எனக்கு நாளானது. எம்பெக்-2 ஒவ்வொரு பிரேமையும் முழுதாக எழுதுவதில்லை, பெரும்பாலும் முந்தைய பிரேமிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும்தான் எழுதுகிறது. ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போது மாறுவது கொஞ்சம், அதற்குக் கொஞ்சம் பிட், அதாவது கொஞ்சம் தரவு போதும். கெட்டிமேளம் ஒலித்ததும் நாலு பக்கமிருந்தும் அட்சதை விழுகிறது, ஒவ்வொரு அரிசியும் ஒவ்வொரு திசையில் போகிறது, கூடவே போட்டோகிராபரின் ஃபிளாஷ் ஒரு பிரேமை முழுக்க வெளுக்க வைக்கிறது, அடுத்த பிரேமில் பழைய வெளிச்சம் திரும்புகிறது. படத்தைச் சுருக்கி எழுதும் என்கோடருக்கு அந்தச் சில நொடிகளில் எல்லாமே புதுப் படம். வினாடிக்கு இவ்வளவுதான் என்று நிலையான பிட்ரேட்டில் கட்டிப்போட்டிருந்தால் அதற்குள் அடக்க நுணுக்கங்களை எல்லாம் தூக்கி எறிகிறது, நம் கண்ணுக்குக் கட்டங்கள் மிஞ்சுகின்றன.

அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சாதாரண ஒற்றை அடுக்கு வட்டு 4.7 ஜிபி, அதாவது ஏறக்குறைய 3 கோடியே 76 லட்சம் கிலோபிட். 3 மணி நேரம் என்றால் 10,800 வினாடி, வகுத்தால் வினாடிக்கு 3,480 கிலோபிட் சுமார். படம், ஒலி எல்லாம் இதற்குள்தான். என் பழைய செட்டிங்கில் ஒலி பிசிஎம், அதாவது சுருக்காத ஒலி என்று இருந்தது, அது மட்டும் 1,536 கிலோபிட் தின்றுவிடும். படத்துக்கு மிஞ்சியது 2,000கூட இல்லை! எத்தனை வருடம் எத்தனை வீட்டுக் கல்யாணத்தை இப்படிக் கொடுத்திருப்பேன் என்று நினைத்தால் இன்றும் மனசு சங்கடப்படுகிறது. ஒலியை ஏசி-3 என்ற சுருக்கிய வடிவத்தில் 224 அல்லது 256 கிலோபிட்டுக்கு மாற்றினாலே 1,300 வரை படத்துக்குத் திரும்பக் கிடைக்கிறது. நாதஸ்வரம் கெட்டுப்போகுமோ என்று பயந்தேன், வீட்டு டிவியில் கேட்டதில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

இப்போது ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு வட்டு என்று பிரிக்கிறேன். 5,400 வினாடிக்கு வகுத்து, ஒலியையும் மெனுவுக்கான இடத்தையும் கழித்தால் படத்துக்குச் சராசரி 6,500 வருகிறது. 2 மணி நேரம் என்றால் 4,800. அதற்குக் கீழே, 720க்கு 576 என்ற முழு டிவிடி அளவில் கல்யாணம் எடுக்க எனக்கு மனசு வருவதில்லை.

எஃப்எஃப்எம்பெக்கில் பால் (PAL, நம் ஊர் டிவி முறை) டிவிடிக்கு என்று ஒரே சொல்லில் தயார் செட்டிங் உண்டு. சராசரி 6,000, உச்சம் 9,000, ஏசி-3 ஒலி என எல்லாவற்றையும் அதுவே வைத்துக்கொள்ளும். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு நல்லது, ஆனால் படம் ஒன்றரை மணி நேரத்தைச் சற்றுத் தாண்டினாலே வட்டில் அடங்காது, அதனால் நான் சராசரியைக் கையால் கொடுக்கிறேன். உச்சத்தை 8,000த்தில் நிறுத்துகிறேன். டிவிடி தரத்தில் படத்துக்கு 9,800 வரை அனுமதி இருக்கிறது, ஆனால் நாம் எழுதும் வட்டில் அந்த எல்லை வரை போனால் பழைய பிளேயர் சிலது தடுக்கி நிற்கிறது. பெரிய மாற்றம் தந்தது இரண்டு சுற்று என்கோடிங். முதல் சுற்றில் படம் முழுவதையும் பார்த்து எங்கே அசைவு அதிகம் என்று குறித்துக்கொள்கிறது, இரண்டாவது சுற்றில் மந்திரம் சொல்லும் இடத்தில் மிச்சம் பிடித்து அட்சதை விழும் இடத்தில் செலவழிக்கிறது. நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், ராத்திரி போட்டுவிட்டுப் படுத்துவிடுவேன்.

அந்தத் திருவந்திபுரம் கல்யாணத்தை இதே முறையில் இரண்டு வட்டாக மாற்றி நானே வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினேன். அரிசி பறக்கிறது, முகம் தெரிகிறது. காசு வாங்கவில்லை.

இன்னொரு தவறு, இரண்டு தடவை சுருக்குவது. எடிட்டிங்கிலிருந்து சின்ன எம்பி4 எடுத்து, அதை மறுபடி எம்பெக்-2 ஆக்கினால் முதல் சுருக்கத்தின் அழுக்கையும் சேர்த்து எழுதுகிறோம். பெரிய கோப்பானாலும் பரவாயில்லை என்று அதிகத் தரத்தில் எடுத்து, அங்கிருந்து நேராக டிவிடிக்குப் போகிறேன். மெனு போடும் மென்பொருளிலும் படத்தை அப்படியே நகலெடு என்று வைத்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அதுவும் தன் பங்குக்கு ஒரு தடவை சுருக்கிவிடும்.

ஆட்கள் நடக்கும்போது படம் துள்ளினால் அது பிட்ரேட் இல்லை, ஃபீல்ட் வரிசை. ஒரு பிரேமின் ஒற்றைப்படை வரிகள் ஒரு ஃபீல்ட், இரட்டைப்படை வரிகள் இன்னொரு ஃபீல்ட், இரண்டில் எது முதலில் என்பதுதான் வரிசை. மினி டிவி (MiniDV) கேமரா கேசட்டில் கீழ் ஃபீல்ட் முதலில், 1080i எச்டியில் மேல் ஃபீல்ட் முதலில். கேசட் காலத்து செட்டிங்கை எச்டிக்கும் வைத்திருந்தால் வரிசை தலைகீழாகிவிடும். எச்டியின் 1080 வரிகளை டிவிடியின் 576 வரிகளாகக் குறைக்கும்போதும் இது இன்டர்லேஸ், அதாவது ஃபீல்டாகப் பிரிந்த படம் என்று தனியாகச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் இரண்டு ஃபீல்டும் கலந்து ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி ஆகிவிடும். கணினித் திரையில் துள்ளல் சரியாகத் தெரியாது, பிளேயரில் போட்டு டிவியில் பாருங்கள். நான் இதற்காகவே ஒரு பழைய டியூப் டிவியை வைத்திருக்கிறேன்.

சிவப்புக் கூறைப்புடவை தனிப் பாடு. டிவிடியில் நிறத்துக்கு நீளத்திலும் உயரத்திலும் பாதி அளவு புள்ளிகள்தான், அடர் சிவப்பின் ஓரம் படிக்கட்டு மாதிரி வரும். சிவப்பின் அடர்த்தியை மட்டும் லேசாகக் குறைத்தால் தேறும்.

மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினத்திலும் புதுச்சேரி வைத்திக்குப்பத்திலும் எடுத்த படங்கள் கல்யாணத்தைவிடக் கடினம், ஏனென்றால் அலை ஒரு நொடிகூட நிற்பதில்லை, கூட்டமும் நிற்பதில்லை. அதற்கு வட்டுக்கு முக்கால் மணி நேரம்தான், 8,000 வரை கொடுத்துவிடுகிறேன். புதுச்சேரி வீடுகளில் பிரான்சில் இருக்கும் சொந்தங்களுக்கும் வட்டு கேட்பார்கள், அங்கே பால் முறை வட்டே ஓடும், கவலை இல்லை. அமெரிக்காவுக்கு என்றால் 720க்கு 480, வினாடிக்கு 29.97 பிரேமில் என்டிஎஸ்சி (அந்த ஊர் டிவி முறை) வட்டு தனியாக எழுத வேண்டும்.

வட்டு எழுதுவதற்கு இம்ஜ்பர்ன் என்ற மென்பொருள். 16 மடங்கு வேகம் என்று உறையில் போட்டிருந்தாலும் 8 மடங்கில் எழுதி, சரிபார்க்கும் வசதியை எப்போதும் போட்டு வைப்பேன்.

எஃப்எஃப்எம்பெக்கில் ஜன்னல் கிடையாது, கட்டளை தட்டச்சு செய்ய வேண்டும், முதல் மாதம் மிரட்டும். ஒரு கட்டளையை நோட்பேடில் சேமித்து வைத்துக் கோப்புப் பெயரையும் பிட்ரேட்டையும் மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். இன்னும் எனக்கு முழுசாகப் பிடிபடாதது வரவேற்பு மேடைதான், ஊதா, நீல எல்இடி வெளிச்சத்தில் கேமரா தரும் புள்ளிப் புள்ளியான இரைச்சலைப் படம் என்றே நினைத்து என்கோடர் பிட்டை வீணாக்குகிறது. இரைச்சல் குறைக்கும் வடிகட்டியை லேசாகப் போட்டால் கட்டம் குறைகிறது, கொஞ்சம் கூடினால் முகம் மெழுகு மாதிரி ஆகிறது. அதனால் ஒவ்வொரு மண்டபத்துக்கும் 2 நிமிடத் துண்டு ஒன்றை எழுதி டியூப் டிவியில் பார்த்த பிறகுதான் முழுப் படத்தையும் ஓடவிடுகிறேன்.